பிரித்த தையல்

அருள்புரத்தில், மனநோயிலிருந்து தேறி வருபவர்களுக்கு நடக்கும் தையல் வகுப்பைப் பற்றிச் செய்தி எழுதப் போயிருந்தேன். கடைசி மெஷினில் அந்தப் பெண் இருந்தார். நாற்பது வயதிருக்கும். படிய வாரிய தலை, கழுத்தில் இஞ்ச் டேப். அருகில் யார் வந்தாலும் அவர்கள் உடையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கேட்காமலே கத்தரிப்பார். என் சட்டைக் கையிலும் ஒன்றைக் கத்தரித்தார்.

அன்று அவருக்குத் தேர்வு. ஒரு டீ ஷர்ட்டை முழுதாகத் தைத்துக் கொடுத்தால் பயிற்சி முடிந்தது. பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். பிசிறில்லாமல் தைத்தார். பிறகு பக்கத் தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

“நல்லாத்தானுங்களே இருக்குது, ஏனுங்க பிரிக்கறீங்க?” என்று கேட்டேன்.

“மெதுவாப் பேசுங்க. பாஸாயிட்டா இங்க வர முடியாதுங்க.”

“கம்பெனிக்குப் போலாமுங்களே?”

“முந்தியே போனவதானுங்க. மாத்திரை திங்கறது தெரிஞ்சதும் பக்கத்து மெஷின்காரி எடம் மாத்திக்கிட்டா. சோறும் தனியாத்தான். இங்க எல்லாருமே மாத்திரைக் கோஷ்டி. ஆரு எந்திரிச்சுப் போவா?” என்று சிரித்தார்.

டீச்சர் வந்தார், அவரைவிட இளையவர். “என்னக்கா, இன்னைக்கும் கோணிப்போச்சா?”

“ஆமாங்க டீச்சர்.”

“சரி, அடுத்த வாரம் பாக்கலாம்.” துணியை விரித்துப் பார்க்கவே இல்லை.

துணியை ஏன் பார்க்கவில்லை என்று வாசலில் டீச்சரிடம் கேட்டேன். “அக்கா எப்பவோ ரெடிங்க. கூட உக்காந்து சோறு திங்க ஆளிருக்கற கம்பெனியத்தான் தேடிட்டிருக்கறேன்” என்றார்.

கிடைத்ததா, தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிகளைக் கடக்கும்போது, யாராவது தனியாக டிபன் பாக்ஸைத் திறக்கிறார்களா என்று இப்போதும் பார்க்கிறேன்.