இரண்டு சீல் போட்ட பெட்டி

1. முதல் நாளே கோபம்

துபாய் அல் கூஸில் இருக்கும் ஒரு யூதச் சமையல்கூடத்தில் டெலிவரி டிரைவராகச் சேர்ந்த அன்று, என்னிடம் முதலில் ஊரைத்தான் கேட்டார்கள். "நாசரேத்" என்றேன். யோசி என்ற மேற்பார்வையாளர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இஸ்ரவேலில் இருப்பதுபோலத் தூத்துக்குடி மாவட்டத்திலும் ஒரு நாசரேத் உண்டு என்று விளக்க வேண்டியதாயிற்று. என் பெயர் சாமுவேல், அப்பா ஆபிரகாம், தம்பி பெஞ்சமின் என்றதும் சிரித்தார். "உங்கள் வீட்டுக்கு வந்தால் நான்தான் வெளியாள்போல இருப்பேன்" என்றார்.

யோசி யூதர். சமைப்பது அவர் வேலை இல்லை. சாப்பாடு அவர்கள் மதவிதிப்படி தயாராகிறதா என்று கூடவே நின்று பார்ப்பதுதான் அவருடைய டூட்டி. அன்று சாப்பாட்டுத் தட்டை மூடி ஒரு சீல் ஒட்டினார். பிறகு அதைக் கனத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன் வாயிலும் ஒரு சீல் ஒட்டினார். எங்கள் பேச்சில் அதுதான் 'பெட்டி'. எதற்கு இரண்டு என்று கேட்டேன். யூதரல்லாதவர் கொண்டுபோகும் சாப்பாட்டுக்கு இரண்டு சீல் போட வேண்டும் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த மக்களுக்காக ஜெபம் செய்கிறவன் நான். என்னை நம்பி ஒரு பெட்டியைக் கொடுக்க முடியவில்லையா? என் முகத்தைப் பார்த்து யோசிக்குப் புரிந்திருக்க வேண்டும். "சாப்பிடுகிறவர் மனதில் சின்ன சந்தேகம்கூட வரக் கூடாது, சாமுவேல். இது உங்களைப் பற்றியதே இல்லை" என்றார்.

ரூமுக்குத் திரும்பியும் ஆறவில்லை. கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை காதர் பாயிடம் புலம்பினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏண்ணே, ஹலால் ஸ்டிக்கர் இல்லாட்டி நான் கோழியத் தொடுவேனா? அதுக்குக் கோழி கொண்டு வர்றவன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா நிக்கிறான்?" என்றார். நியாயம்தான். ஆனாலும் கோபம் போக நாளாயிற்று.

2. ஆள் வேண்டும்

வெள்ளிக்கிழமைதான் எங்களுக்குப் பெரிய வேலை. அன்று சூரியன் மறைந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், போன் எடுக்க மாட்டார்கள். சாப்பாடு அதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

பக்கத்து நாடுகளில் சண்டை மூண்ட சமயம், கூட இருந்த டிரைவர் பயந்து வேலையை விட்டு நின்றுவிட்டார். ஒரே ஆளை வைத்து வெள்ளி டெலிவரி நடக்காது, நிறுத்திவிடலாம் என்றார் முதலாளி. அந்த வாரங்களில் டேவிட், மிரியம் என்ற வயதான தம்பதி எங்கள் சாப்பாட்டை நம்பித் துபாயில் தங்கியிருந்தார்கள். மிரியம் அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. சூடாகச் சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை போட வேண்டும். "ஆள் நான் கொண்டு வருகிறேன், நிறுத்தாதீர்கள்" என்று சொல்லிவிட்டேன்.

தைரியமாகச் சொன்னதற்குக் காரணம் எங்கள் ஜெபக்கூட்டம். வாராவாரம் இஸ்ரவேலுக்காக உருகுகிறவர்கள், யூதர்கள் ஊதும் கொம்பு வாத்தியம்கூட வாங்கி வைத்து ஊதுகிறவர்கள். அங்கே போய் உதவிக்கு ஓர் ஆள் கேட்டேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கூட்டமும் அதே வெள்ளி மாலையில்தான். "ஜெபத்துல அவங்கள நேசிக்கோம், ஒரு பெட்டி தூக்க மட்டும் நேரமில்ல, அப்படித்தான?" என்று கேட்டேவிட்டேன்.

கூட்டத்தை நடத்தும் ஜெயராஜ் பிரதர் எழுந்தார். ஜெபல் அலி துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர், சாத்தான்குளத்துக்காரர். "கோவப்படாதீங்க அண்ணாச்சி. நானே வாரேன்" என்றார்.

3. மழை

அவர் வந்த முதல் வெள்ளியே மழை கொட்டித் தீர்த்தது. மற்ற வீடுகளை முடித்துக் கடைசியாக டேவிட் ஐயாவின் கட்டடத்துக்குப் போகும் வழியில், தண்ணீரில் வேன் நின்றுவிட்டது. ஜெயராஜ் பிரதர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்தார்.

"அண்ணாச்சி, இந்த உறையை ஓரத்துல மெதுவா பிரிச்சா இத உள்ள வச்சிரலாம். திரும்ப ஒட்டிருவோம். சுவிசேஷம் சொல்ல இதவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?"

"பிரிச்ச சாப்பாட்ட அந்த அம்மா தொட மாட்டாங்க, பிரதர்."

"பிரிச்சது தெரிஞ்சாத்தான?"

யோசியின் இரண்டாவது சீல் யாருக்காக என்று அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது. அது என்னைப் பற்றியது இல்லை என்று அவர் மரியாதைக்குச் சொல்லியிருக்கிறார். எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அதை ஒட்டியிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

"பிரதர், இந்த நாட்டுல இப்படி மதம் பரப்புனா விசா போயிரும். அதக்கூட விடுங்க. நம்மளோட ஆசைக்கு அந்த அம்மா ராத்திரி பூரா பட்டினி கெடக்கணுமா? சீல்ல கை வச்சீங்கன்னா நான் பொல்லாதவனாயிருவேன். பெட்டியத் தூக்குங்க, யெல்லா, கெளம்புங்க!"

அவர் பிரசுரத்தைப் பையில் திணித்துக்கொண்டு பெட்டியைத் தலையில் வைத்தார். முழங்கால் தண்ணீரில் நடந்தோம். எங்கே பள்ளம் என்று தெரியவில்லை. அவர் தடுமாறியபோதெல்லாம் நான் அவர் இடுப்பைப் பிடித்தேன். வெளிச்சம் குறையக் குறைய எனக்குப் பதற்றம் ஏறியது. அடியில் தண்ணீர் புகுந்ததால் லிப்டை நிறுத்தியிருந்தார்கள், படியேறினோம்.

டேவிட் ஐயா கதவைத் திறந்தார். சொட்டச் சொட்ட நின்ற எங்களைப் பார்க்கும் முன் பெட்டியைப் பார்த்தார். வெளிச் சீலை விரலால் தடவினார். உறையைப் பிரித்து உள் சீலையும் தடவினார். உடனே தட்டை எடுத்துப்போய், முன்பே சூடேற்றி வைத்திருந்த மின்தட்டில் வைத்துவிட்டு வந்தார். ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

துவாலை கொடுத்தார். "எங்களை நேசிப்பதாகச் சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படிப் பெட்டியைத் திறக்காமல் கொண்டுவந்து கொடுத்தவர்கள் குறைவு" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ஜெயராஜ் பிரதரின் கை பிரசுரம் இருந்த பையருகே போனது. போன கை அப்படியே திரும்பியது. அவர் அந்தத் துவாலையால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அழுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

4. அடுத்த வெள்ளி

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் நேசிக்கிறவர்கள் உங்களை நம்பியே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்கள் பட்டது அவர்களுக்குத்தான் தெரியும். கொடுத்த பெட்டியைக் கொடுத்தபடியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள், ஒவ்வொரு வாரமும்.

அடுத்த வெள்ளி ஜெயராஜ் பிரதர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். எனக்கு முன்பே வந்து சமையல்கூட வாசலில் நின்றார். ஜெபக்கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டாராம். மிரியம் அம்மாவின் பெட்டியை வேனில் ஏற்றப் போனவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ரெண்டாவது சீல் ஓரத்துல தூக்கிட்டு நிக்கி. யோசிகிட்டச் சொல்லி வேற ஒட்டச் சொல்லுங்க."