சைவப் பூனையும் கொண்டைக்குருவிக் குஞ்சும்

கொரோனா ஓஞ்சு பஸ்ஸெல்லாம் ஓட ஆரம்பிச்ச சமயம். மார்க்கையன்கோட்டையில எங்க வீட்டுக் கொல்லையில அவரைப் பந்தல் போட்டிருந்தேன். காய் பறிக்கப் போனா, கொடிக்குள்ள ஒரு கொண்டைக்குருவிக் கூடு. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதுக்குள்ள ரெண்டு குஞ்சு, வாயைப் பிளந்துக்கிட்டு. அன்னையிலேர்ந்து அந்தப் பக்கம் காய் பறிக்கிறதையே விட்டுட்டேன். முத்துனா முத்திட்டுப் போகட்டும்.

பயமெல்லாம் பக்கத்து வீட்டுப் பூனையை நெனச்சுத்தான். நடுவுல இடுப்பு உசரச் சுவரு. அதுமேல உக்காந்து பந்தலையே பாத்துக்கிட்டு இருக்கும். வெரட்டி வெரட்டி அலுத்துப்போச்சு. அந்த வீட்டு மதினி தனியாளு. மகன் தேனியில கடை வச்சிருக்காரு. அவுகளுக்கு அந்தப் பூனைதான் எல்லாம். ஒருநாள் கோவத்துல ஒரு சொம்புத் தண்ணியை அதுமேல ஊத்திட்டேன். அவ்வளவுதான், வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்துட்டாக.

"என் பிள்ளை பாலும் சோறும் தவிர எதையும் தொடாது. எங்க வீட்ல கவுச்சியே கெடையாது, தெரியும்ல?"

"பூனையில சைவப் பூனை வேறயா மதினி?"ன்னு நானும் விடலை. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். பேச்சு நின்னுபோச்சு. சுவரு வழியா போய்வந்த குழம்புக் கிண்ணமும் நின்னுபோச்சு.

ஒருநாள் காலையில அடுப்புல பால் வச்சிருந்தேன். கொல்லையில தாய்க்குருவி கத்துன கத்துல பதறி ஓடுனா, ஒரு குஞ்சு பறக்கத் தெரியாம தரையில தத்திக்கிட்டுக் கெடக்கு. அதுக்குப் பக்கத்துல, ஐயோ, மதினி! சேலை கிழியச் சுவரைத் தாண்டிக் குதிச்சு, பூனையை நெஞ்சோட அமுக்கிப் பிடிச்சிருக்காக. அது திமிறிப் பிறாண்டுது, கையெல்லாம் ரத்தம். அப்பவும் விடலையே!

"பாத்துக்கிட்டு நிக்கிறியே, குஞ்சைத் தூக்கிக் கொடியில வையி ஆத்தா!"ன்னு அலறுனாக.

குஞ்சை எடுத்துக் கொடியில வச்சேன். அப்புறம் மதினி பூனையைப் பாத்து, "ஏலே, என் மானத்தை வாங்கப் பாத்தியேடா"ன்னாக. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துச்சு.

சின்னமனூர் ஆஸ்பத்திரிக்கு ஊசி போட நான்தான் கூட்டிட்டுப் போனேன். பஸ்ஸுல போறப்பவும் வர்றப்பவும் விட்டுப்போன பேச்சையெல்லாம் பேசித் தீத்தோம். குஞ்சுக நல்லாப் பறக்குற வரைக்கும் பூனையை வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சாக. அது போட்ட கூப்பாடு தெருவுக்கே கேட்டுச்சு.

போன வருசம் மகன் வந்து அவுகளைத் தேனிக்கே கூட்டிட்டுப் போயிட்டாரு. ஒயர் கூடைக்குள்ள பூனையோட ஆட்டோவுல ஏறும்போது, "இனிமே ஒன் குருவிகளுக்குப் பயமில்லைடி"ன்னு சிரிச்சாக. எனக்குச் சிரிக்க வரலை.

இப்பவும் பந்தல்ல குருவிக கூடு கட்டுதுக. அதுகளுக்கு நிம்மதிதான். ஆனா சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை போடக்கூட ஆளில்லாம, எனக்குத்தான் கொல்லை வெறிச்சோடிக் கெடக்கு.