காட்டேரி என்று கூப்பிட்டால் ஓடிவரும் நாய்

நாய்க்குப் பேர் வைப்பதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பெற்ற பிள்ளைக்குப் பேர் வைக்கக்கூட நான் இந்தப் பாடு படவில்லை. அவளுக்கு மாமனார் ஒரு பேர் சொன்னார், காதில் மூன்று தரம் ஓதினோம், ஆளுக்கொரு சர்க்கரைத் துண்டு தின்றோம், முடிந்தது. இந்தக் கறுப்பு நாய்க்கு வைத்த பேரால் மூன்று மாதம் எங்கள் வீட்டில் நிம்மதியாக யாரும் ஒரு வாய் சோறு தின்னவில்லை, நாயைத் தவிர.

அப்போது மரக்காணத்தில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் மேஸ்திரி வேலை, எனக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு. முன்பக்கம் ஓனரம்மா, பின்பக்கம் நாங்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய், ஒரே துவைக்கிற கல், ஒரே சண்டை.

சுனாமிக்கு அடுத்த மாசியில் மயானக் கொள்ளை பேருக்குத்தான் நடந்தது. அதற்கடுத்த வருடம், 2006இல், விட்டதற்கும் சேர்த்து நடத்தினார்கள். மூஞ்சியில் நீலமும் சிவப்பும் பூசி, நாக்கைத் தொங்கப் போட்டு, இடுப்பில் வேப்பிலை கட்டி, காளியும் காட்டேரியுமாக வேஷம் போட்டவர்கள் பம்பைச் சத்தத்துக்கு ஆடிக்கொண்டே சுடுகாட்டுக்குப் போனார்கள். அங்கே கொட்டி வைத்திருந்த கொழுக்கட்டை, சுண்டல், பழம் எல்லாவற்றையும் ஜனங்கள் விழுந்தடித்து அள்ளினார்கள். அதுதான் கொள்ளை. அள்ளியதில் ஒரு பிடி கழனியில் தூவினால் நன்றாக விளையும் என்பார்கள். ஆறாவது படித்துக்கொண்டிருந்த என் மகளும் கூட்டத்துக்குள் புகுந்தாள். கொழுக்கட்டையோடு வருவாள் என்று பார்த்தால் நாயோடு வந்தாள்.

கறுப்புப் பெட்டைக் குட்டி. மூஞ்சியெல்லாம் மாவும் விபூதியும். வாயில் ஒரு வேப்பங்கொத்து மாட்டித் தொங்கியது. வயிறு மட்டும் டம் என்று இருந்தது. ஜனங்கள் அடித்துப் பிடித்து அள்ளியதைவிட அது அதிகமாகத் தின்றிருக்க வேண்டும்.

"அம்மா, இதுவும் வேஷம் கட்டிக்கிட்டு வந்திருக்குது பாரேன்!" என்றாள் மகள்.

"வேஷமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வுட்டுட்டு வா."

விட்டுவிட்டுத்தான் வந்தாள். அது விடவில்லை. வீடு வரைக்கும் பின்னாலேயே வந்து, என் வீட்டுக்காரர் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. மனுஷன் அப்படியே உருகிவிட்டார். கல்யாணமான புதிதில் நானும்தான் எத்தனையோ செய்து பார்த்தேன், இப்படி ஒரு நாளும் உருகியதில்லை.

மறுநாள் காலையில் பேர்ப் பஞ்சாயத்து ஆரம்பித்தது.

"மணின்னு வை, முடிஞ்சுது" என்றேன்.

"நம்ம தெருவுலயே மூணு மணி இருக்குது. கூப்பிட்டா மூணும் வரும்" என்றாள் மகள்.

"அப்ப ரோசி."

"சுடுகாட்டுல கெடச்சதுக்கு ரோசியா?" என்று அப்பனும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

மாசி மாதத்தில் வந்தது, மயானத்தில் வந்தது, அதற்கேற்ற மாதிரி பயங்கரமாக ஒரு பேர் வேண்டும் என்பது அவள் கட்சி. உப்பளத்தில் அத்தனை ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவர், வீட்டில் மகள் பேச்சுக்கு மறுபேச்சு பேச மாட்டார். "கொள்ளைன்னு வைக்கலாம்" என்றார். தெருவில் நின்று அப்படிக் கத்தினால் ஊரே தடியோடு வரும் என்றேன். காளி என்றாள் மகள். எங்கள் பங்காளி வகையில் அந்தப் பேரில் ஆள் இருக்கிறது, அடுத்த கல்யாண வீட்டில் எனக்கு அடி விழும் என்றேன். "அப்ப பேய்னு வை" என்றவர், என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "வேணாம், கூப்பிட்டா உங்கம்மா திரும்பிப் பாப்பா" என்றார். இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் இருந்த கரண்டி அவர் அதிர்ஷ்டத்துக்குச் சின்னதாக இருந்தது.

கடைசியில் காட்டேரி என்று முடிவு செய்தார்கள். எனக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. சாமி குற்றம் என்றெல்லாம் நினைக்கவில்லை. நான் திண்டிவனத்துக்கு மேற்கே பிறந்தவள். எங்கள் ஊரில் காட்டேரி என்றால் சோறு தின்னாத பிள்ளையைப் பயமுறுத்துகிற பேர், அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் கூப்பிட வெட்கமாக இருந்தது. பேரு வெச்சீங்களே சோறு வெச்சீங்களா என்று கேட்டேன். அதுக்குத்தான் நீ இருக்கியே என்றார்கள்.

பங்குனியில் ஓனரம்மாவின் மகள் வந்து சேர்ந்தாள். இடையஞ்சாவடியில் கட்டிக்கொடுத்த பெண். போன வருடம் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது தெருவுக்கே தெரியும். இப்போது உடம்பு சரியில்லை, ரெஸ்ட்டுக்கு வந்திருக்கிறாள் என்றார்கள். சரி, இரத்தம் இல்லாத பெண் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வெளியே தலை காட்டுவதே இல்லை. அந்த வெக்கையிலும் சாயங்காலமானால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். ஏன் என்று கேட்டதற்குக் கொசு என்றார் ஓனரம்மா.

என் மகளோ தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு டியூஷன் முடிந்து வருவாள். குழாயடியில் நின்று பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உப்பளத்துக் கடைசி வரப்பு வரைக்கும் கேட்கிற மாதிரி, "காட்டேரி... வா வா வா வா!" என்பாள். எங்கிருந்தாலும் அது நாலு கால் பாய்ச்சலில் வரும்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் ஓனரம்மா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? வயித்துப் புள்ளைக்காரி இருக்குற வூட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, வெளக்கு வெக்கிற நேரத்துல, அவளைப் பேர் சொல்லி வா வான்னு கூப்புடுறீங்களே, இது அடுக்குமா?"

"யாரும்மா வயித்துப் புள்ளைக்காரி? யாரைக் கூப்பிட்டோம்?"

"அதான், அவளை!"

அந்தப் பேரை அவர் வாயால் சொல்ல மாட்டார். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அவர்கள் வம்சத்தில் காட்டேரி என்றால் வயிற்றுப் பிள்ளையைக் கொண்டுபோகிறவள். கர்ப்பிணிக்கு ஏழாம் மாதம் அவளுக்குப் படையல் போட்டு, என் பிள்ளையை விட்டுவிடு என்று கேட்டுக்கொள்வார்கள். படைக்கும்போதுகூட 'அவ' என்றுதான் சொல்வார்கள். பேரைச் சொன்னால் கூப்பிட்டதாக அர்த்தம். கூப்பிட்டால் வந்துவிடுவாள். போன வருடம் பிள்ளை போனதும் அவளால்தான் என்று முடிவே கட்டியிருந்தார்கள். அந்தப் பெண் மறுபடியும் உண்டாகியிருந்ததைக் கண்ணு படும் என்று எல்லாரிடமும் மறைத்திருந்தார்கள். நாங்கள் ஒரு மாதமாகத் தினமும் அந்த 'அவளை' வீட்டு வாசலுக்கு வரவழைத்துப் பிஸ்கட் போட்டிருக்கிறோம்!

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூப்பிட்டிருப்போமா?" என்றேன்.

"சொன்னா கண்ணு பட்டுடும்."

"சொல்லலைன்னா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பொம்பளைன்னா தெரிஞ்சுக்கணும்."

சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனாலும் வயிற்றுப் பிள்ளைக்காரி விஷயம். பேரை மாற்றுகிறோம் என்று சொன்னேன். ஓனரம்மாவே ராணி என்று ஒரு பேர் கொடுத்தார்.

ராணி என்றால் அது காதைக்கூட ஆட்டாது. நான் மீன் தலையைத் தட்டில் வைத்துக்கொண்டு ராணி ராணி என்று கெஞ்சுவேன், அது வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்கிற மாதிரி வாசலைப் பார்க்கும். என் வீட்டுக்காரர் "ஏய் காட்..." என்று ஆரம்பித்து, என் முறைப்பைப் பார்த்து "...ராணி" என்று முடிப்பார். மகள் ராணி என்கிற பேரை வாயில் எடுக்கவே இல்லை. "அதுக்கே தெரியுதும்மா அது பேரு என்னன்னு" என்பாள். பேர் வைத்தவள் ஒருத்தி, மாற்றச் சொன்னவள் ஒருத்தி, நடுவில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது எனக்கு. ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை இதுதான்.

வைகாசியில் ஒரு மத்தியானம் அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் வலி எடுத்தது. கார் பிடித்துப் பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறது, படுத்து ரெஸ்ட் எடுத்தால் போதும் என்று அனுப்பிவிட்டார். ஆவணியில் அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் எல்லாரும் அதையே கேட்டு நச்சரிக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு எங்களில் யாருக்கு அது தெரியும்?

திரும்பி வந்த ஓனரம்மா சண்டை போடவில்லை. அழுதார். "இதுவும் போயிட்டா எம்பொண்ணு உசுரோட இருக்க மாட்டா. உன் கால்ல வேணும்னாலும் வுழுறேன். அந்த நாயைக் கொண்டு போயிடுங்க" என்று நிஜமாகவே குனிந்தார். பதறிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். குனிகிறவரிடம் என்ன செய்ய? ஓனரம்மா மேல் கோபம், பேர் வைத்த மகள் மேல் கோபம், அதற்குத் தலையாட்டிய மனுஷன் மேல் கோபம், ராணி என்றால் திரும்பாத அந்தச் சனியன் மேல் எல்லாரையும்விடக் கோபம். கோபத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அனுமந்தையில் படகு வைத்திருக்கிற தெரிந்த ஆள் ஒருத்தர், மீன் கழிவு தின்றுகொண்டு கிடக்கட்டும், கொண்டுவந்து விடுங்கள் என்றார். மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் உப்பளத்திலிருந்து வந்ததும் கொண்டுபோவது என்று ஏற்பாடு. மகள் அன்றைக்கு முழுக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அங்க அதை அது பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்களாம்மா?"

"போயி மூஞ்சியைக் கழுவு" என்று கத்தினேன்.

கோணிச் சாக்கில் உடம்பைக் கட்டி, தலையை மட்டும் வெளியே விட்டு, வண்டியின் முன்னால் வைத்தார் என் வீட்டுக்காரர். அது ஊர்வலம் போகிற சந்தோஷத்தில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தது. ஓனரம்மா கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியை ஸ்டார்ட் செய்தபோது முன்வீட்டுக் கதவு திறந்தது. அந்தப் பெண் வயிற்றைக் கையில் தாங்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"அடிப் பாவி, படுத்திருக்கச் சொன்னாங்களேடி! உள்ள போ!" என்று கூவினார் ஓனரம்மா.

"அண்ணே, வண்டியை ஆஃப் பண்ணுங்க" என்றாள் அவள்.

அவர் ஆஃப் செய்தார். அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"மொதப் புள்ள போனதுலேருந்து கண்ணை மூடினா அவதாம்மா வருவா. தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு, பல்லை நீட்டிக்கிட்டு. அங்க மாமியார் வூட்டுலயும் அதே பேச்சு, இங்க வந்தா நீயும் அதே பேச்சு. ஜன்னலைச் சாத்துனா போயிடுவாளா? ஒரு நாளு இந்தப் பாப்பா காட்டேரி வா வான்னு கூப்புட்டுச்சு."

ஓனரம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை.

"நான் நடுங்கிப் போயி ஜன்னல் இடுக்குல பாத்தேன். இதுதான் ஓடி வந்துச்சு. வாலை ஆட்டிக்கிட்டு, பிஸ்கட்டுக்கு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சும்மா. எவ்ளோ நாளாச்சு நான் சிரிச்சு! அப்புறம் நீ குளிக்கப் போறப்பல்லாம் நானே கூப்புடுவேன். இப்ப அந்தப் பேரை நெனச்சா இது மூஞ்சிதான் வருது. இதைக் கொண்டு போயிட்டீங்கன்னா மறுபடியும் அவ வந்துடுவாம்மா."

சித்திரையிலிருந்து அந்த வயிற்றுப் பிள்ளைக்காக எத்தனை சண்டை! அதைச் சுமக்கிறவளிடம் உனக்கு என்ன பயம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு எங்கள் எல்லார் மேலும் எரிச்சலாக வந்தது, அழுகையும் வந்தது.

என் வீட்டுக்காரர் சாக்கை அவிழ்த்தார். இத்தனை பேர் அழுவதைப் பார்த்து மிரண்டுபோன நாய், குதித்து ஓடித் துவைக்கிற கல்லுக்கு அடியில் புகுந்துகொண்டது. "ராணி, ராணி" என்றார் அவர். அது வருவதாக இல்லை. மகள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்க அவளுக்கும் பயம். விளக்கு வைக்கிற நேரம் வேறு ஆகிவிட்டிருந்தது.

ஓனரம்மா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தார். ஒரு கையை மகளின் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"காட்டேரி" என்றார் மெதுவாக. "வாம்மா."

நாய் வந்து அவர் காலை நக்குகிற வரைக்கும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.