இடப்பக்க விளக்கின் கறுப்பு வயர்

காரின் சிக்னல் விளக்குகளுக்கு நானே புது வயர் இழுத்துவிடலாம் என்ற எண்ணம், தண்டையார்பேட்டையில் ஒரு கன்டெய்னர் லாரியின் முன்சக்கரத்தை என் காதுக்கு நேராகப் பார்த்தபோது வந்தது. நானும் சித்தப்பாவும் உட்கார்ந்திருந்த கார் அவ்வளவு தாழ்வு. இரண்டே சீட், மேலே கூரை கிடையாது, என் அப்பாவை விட வயதில் மூத்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பழைய சாமான் வாங்கி விற்கும் சித்தப்பா, யாரோ பங்களாவைக் காலி செய்தபோது கட்டில் அலமாரியோடு இதையும் சேர்த்து வாங்கியிருந்தார். திரும்ப வேண்டிய இடத்தில் சிக்னல் எரியவில்லை. அவர் வலக்கையை வெளியே நீட்டி ஆட்டினார்.

லாரி கிளீனர் மேலிருந்து எட்டிப் பார்த்தான். "இன்னா நைனா, டாட்டா காட்டினுகீறே? ஊட்டிக்குப் போறியா?"

சித்தப்பா கையை உள்ளே இழுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எலக்ட்ரிகல் படித்துவிட்டு ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். இந்தக் காரில் மொத்தமே ஒரு கை அளவு வயர்தான் இருக்கும். இதைக்கூடச் செய்ய முடியாதா?

கேட்டதும் சித்தப்பா உடனே ஒத்துக்கொண்டார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் எதையும் உடனே ஒத்துக்கொள்கிறவர் அல்ல.

"ரெண்டு பக்கமும் மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சி, ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்சன்ல பாஸ் ஆச்சின்னா வண்டி உன்னுது. ஆவலைன்னா, வெலைக்குக் கேட்ட மாத்தூர்காரர் தூக்கினு போயிடுவாரு. ஓட்டல் வாசல்ல நிக்க வெச்சி, உள்ள செடி நடப்போறாராம்."

"கார் உள்ளயா? செடியா?"

"குரோட்டன்ஸு."

இன்ஸ்பெக்சன் அடுத்த திங்கட்கிழமை. மாத்தூர்காரர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அப்பா காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு வயர் போடுகிறவர். படகில் கரண்ட் விளக்குக்குப் போக ஒரு வயர், திரும்பி வர ஒரு வயர் என்று இரண்டு இழுப்பார்கள். காரில் போவதற்கு மட்டும்தான் வயர். திரும்பி வருவது காரின் உடம்பு வழியாக, அந்த இரும்பு வழியாகவே.

"அந்தத் துரு புடிச்ச பாடிய நம்பியா உடப்போறே?" என்றார். "இந்த உப்புக்காத்துல? ஒயுங்கா ரெண்டு ஒயர் இயு."

"ப்பா, இது போட் இல்ல. வரைபடம் இருக்கு, அது மாதிரிதான் செய்யணும். நீ இதுல கை வைக்காத."

"சரிம்மா" என்று மீனில் முள்ளெடுக்க ஆரம்பித்தார். அவரும் உடனே ஒத்துக்கொண்டார்.

ராயபுரத்தில் சித்தப்பாவின் கொடோனில் வேலை தொடங்கியது. வரைபடத்தில் எல்லாம் அழகாக இருந்தது. பச்சையில் சிவப்புக் கோடு இடப்பக்கம், பச்சையில் வெள்ளைக் கோடு வலப்பக்கம். காரில் எல்லா வயரும் ஒரே நிறம், பழைய டீத்தூளின் நிறம். மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தால்தான் கோடு தெரியும். இன்னொரு விசித்திரமும் இருந்தது. இப்போது எல்லா வண்டியிலும் பேட்டரியின் மைனஸ்தான் உடம்போடு சேர்ந்திருக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ்காரர்கள் பிளஸ்ஸைச் சேர்த்திருந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டபோது ரகசியம் ஒன்று கைக்கு வந்ததுபோல் குதூகலமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைத்தேன்.

மட்கிப்போன வயர்களை எடுத்துவிட்டுப் புதியவை இழுத்தேன். விளக்குகள் உடம்பைத் தொடும் இடங்களையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கினேன். மூன்றாம் நாள் மாலை கீயைத் திருப்பி சிக்னல் லீவரைத் தள்ளினேன். டிக், டிக், டிக். இடப்பக்கம் எரிந்தது. வலப்பக்கமும் எரிந்தது. நான் கத்தியதில் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சித்தப்பா பார்த்தார். "பரவால்லியே இஞ்சினியரு" என்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தாழ்ந்த குரலில் யாரிடமோ பேசினார்.

மறுநாள் மாலை கீயைத் திருப்பினேன். பட்டென்று ஒரு சத்தம். சிக்னலும் இல்லை, பிரேக் விளக்கும் இல்லை. பியூஸ் போயிருந்தது.

புது பியூஸ் போட்டேன். கீ. பட். இன்னொன்று. பட். நான் புதிதாகப் போட்ட வயர்களின் முனைகளை மட்டும் கழற்றி, சோதித்து, மறுபடியும் மாட்டினேன். ஒரு தப்பும் இல்லை. நேற்று எரிந்த விளக்கு இன்று பியூஸைக் குடிக்கிறது என்றால், நடுவில் யாரோ கை வைத்திருக்க வேண்டும். கொடோனுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று சித்தப்பாவிடம்.

"சித்தப்பா, பகல்ல யாராவது உள்ள வந்தாங்களா?"

"எலி கீதும்மா. பெருச்சாளி. ஒயரத் துண்ணும்."

"எலி பியூஸைக் கழட்டி மாட்டுமா? நான் போட்டது வேற, இதுல இருக்கிறது வேற."

"உங்க காலேஜுல எலியப் பத்தி சொல்லித் தரல போல" என்று பீடியைப் பற்றவைத்தார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றியது. கொடுத்த வாக்கையும் மீற முடியாது, மாத்தூர்காரரையும் விட மனசில்லை. அதனால் நானே தோற்றுப்போகும்படி செய்கிறார். அதற்குப் பிறகு அவர் சிரித்தாலும் சந்தேகம், டீ வாங்கிக் கொடுத்தாலும் சந்தேகம். ஒரு நாள் பஜ்ஜி வாங்கிவந்தார். பஜ்ஜியைத் தின்றுகொண்டே அவருடைய நகக்கண்ணில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் எந்தப் பொருளையும் ஒரு நாள் துடைக்காமல் விட்டால் போதும், துறைமுகக் கரி வந்து மேலே படிந்துவிடும். அம்மா இதற்காகத் தினமும் திட்டிக்கொண்டே ஜன்னலைத் துடைப்பாள். நான் காரைத் துடைப்பதை நிறுத்தினேன். பானட்டை யார் திறந்தாலும் கையின் அச்சு விழும் அல்லவா? சித்தப்பாவின் கட்டைவிரல் பாதி நசுங்கியது, அடையாளம் சொல்லிவிடலாம்.

அடுத்த நாள் போனால் அச்சு எதுவும் இல்லை. பானட் முழுக்கத் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

சித்தப்பா தன் மூக்குக்கண்ணாடியைக்கூடத் துடைத்து நான் பார்த்ததில்லை. கெடுக்க வந்தவர் எதற்குத் துடைக்க வேண்டும்? பானட்டைத் தூக்கி டார்ச்சை உள்ளே விட்டேன். நான் டேப் சுற்றிக் கட்டியிருந்த வயர்களுக்குப் பின்னால், ஒரு மெல்லிய கறுப்பு வயர் ஒளிந்து ஓடியது. இடப்பக்க விளக்கிலிருந்து பியூஸ் பெட்டி வரைக்கும். வலப்பக்கத்திலிருந்தும் ஒன்று. நான் போடாத வயர்கள். அவற்றை என் வயர்களோடு சேர்த்து நைலான் நூலால் கட்டியிருந்தது. டேப் இல்லை, கிளிப் இல்லை. வலை பின்னும் முடிச்சு, ஒவ்வொரு சாணுக்கும் ஒன்று. நுனியை நெருப்பில் உருக்கி அமுக்கிய விதம் வரைக்கும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கொடிக்கயிறும் அப்படித்தான் முடிந்திருக்கும்.

சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. கொடோனில் விற்காமல் கிடந்த அலமாரிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மதியம் பூட்டு திறந்தது. இரண்டு ஜோடி செருப்புச் சத்தம்.

"சீக்கிரம் பாரு. பொண்ணு ஏற்கெனவே என்னைத் திருடன் மாரி பாக்குது" இது சித்தப்பா.

"டார்ச்ச ஒயுங்காப் புடி. எங்கியோ தப்பு பண்ணி வெச்சிகீது, பியூஸு நிக்க மாட்டேங்குது. மூணு நாளா தேடினுகீறேன்" இது அப்பா.

நான் வெளியே வந்தேன். "நானும் மூணு நாளா அதைத்தான் தேடினு இருக்கேன்!"

சித்தப்பா கையிலிருந்த டார்ச் கீழே விழுந்து உருண்டது. அப்பா பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை.

"நான்தான் ஆரம்பத்துலயே சொன்னேன், அதுகிட்ட சொல்லிட்டு செய்யின்னு" என்று சித்தப்பா தன்னைக் கழற்றிக்கொண்டார்.

"கை வைக்காதன்னு சொன்னேனே ப்பா."

"சொன்னே." பின்பு நிமிர்ந்தார். "எண்ணூர் ரோட்டுல ட்ரெய்லர் நடுவுல இந்த சோப்பு டப்பாவ ஓட்டப்போறே. லெப்டுல திரும்பறேன்னு நீ லீவரத் தள்ளுவே. பாடியில துரு ஏறி விளக்கு எரியலைன்னா? பின்னால வர்றவனுக்கு நீ தெரியவே மாட்டே. அதான் திரும்பி வர தனியா ஒரு ஒயர் போட்டேன். மீட்டர் வெச்சி மைனஸு எங்கன்னு பாத்து, அதுல கட்டினேன்."

"இந்த வண்டியில பாடி பிளஸ் ப்பா. உன் வயர் பிளஸ்ஸையும் மைனஸையும் நேரா சேர்க்குது."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு பேட்டரியைப் பார்த்தார். தடித்த வயர் எதிலிருந்து கிளம்பி உடம்பில் முடிகிறது என்று விரலாலேயே தொடர்ந்து போனார்.

"பிளஸ்ஸா பாடில? எந்தப் பைத்தியக்காரன் பண்ணான்?"

"இங்கிலீஷ்காரன்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

சொல்லாததற்கு என்னிடமும் நல்ல காரணம் இல்லை. கறுப்பு வயர்களைப் பிரித்துவிட்டுப் புது பியூஸ் போட்டோம். வலப்பக்கம் டிக் டிக் என்று எரிந்தது. இடப்பக்கம் மங்கலாக மூச்சு வாங்கியது. விளக்கைக் கழற்றினேன். இந்த வாரம்தான் நான் தேய்த்து வெள்ளையாக்கிய இடம், அதற்குள் செம்பட்டையாகத் துரு பூத்திருந்தது. அப்பா அதை விரலால் தேய்த்து, விரலை என் முன்னால் நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருக்கிறார் சித்தப்பா. கேட்டால் மீன்காரரிடம் என்பார். அப்பாவைத் தினமும் உள்ளே விட்டவர், மூன்று நாளும் என்னிடம் எலிக்கதை சொன்னவர், உண்மையில் யார் பக்கம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவருடைய சாவியை வாங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நாளை ஞாயிறு. சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் அப்பா வருகிறார். அதே கறுப்பு வயர்கள், அதே வலை முடிச்சு. கடைசி முனை மட்டும் இந்த முறை பேட்டரியின் பிளஸ்ஸுக்குப் போகும். அதை நான்தான் முறுக்குவேன். பின்பு இரண்டு பேரும் காரில் ஏறி எண்ணூர் ரோட்டுக்குப் போய், ட்ரெய்லர்களுக்கு முன்னால் ஒரு முறை இடப்பக்கம் திரும்பிப் பார்ப்போம்.