ஹம்ஸா போட்ட சிவப்புக் கோடு

வீட்டில் மிக்ஸி ஓடினால் ஹம்ஸா சமையலறையை விட்டு வெளியே வந்துவிடுவார். சட்னி அரைப்பது அவர் கணவரின் வேலை. கம்பெனி பஸ்ஸில் டிரைவர் கியர் மாற்றத் தாமதித்து இன்ஜின் கதறினால், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். ஏறிக்கொண்டே போகும் எந்தச் சத்தமும் அவருக்கு ஆகாது.

போன வருடம் சித்திரையிலிருந்துதான் இப்படி. கும்மிடிப்பூண்டியில் எங்கள் இரும்பு ஆலைக்கு மின்சாரம் தருவது ஒரு பழைய டர்பைன். அதற்குள் எவ்வளவு நீராவி போகலாம் என்று வால்வுக்குச் சொல்வது, பாடப்புத்தகம் அளவில் ஒரு சர்வோ கார்டு. இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் அதைப் பார்த்துக்கொள்பவர் ஹம்ஸா. பக்கத்து மேசை என்னுடையது.

அந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம், யாரும் சொல்லாமலே அந்தக் கார்டு வால்வை முழுக்கத் திறந்துவிட்டது. முனகிக்கொண்டிருந்த டர்பைன் ஊளையிட்டது. மேசைமேல் டீ டம்ளர் தானாக நடந்து போய் விழுந்தது. வேகம் மீறினால் தானாக நிறுத்த வேண்டிய ட்ரிப் அசையவில்லை. நாங்களெல்லாம் வாசலைப் பார்த்து ஓட, ஆபரேட்டர் எட்வர்ட் மட்டும் டர்பைனைப் பார்த்து ஓடினான். கையால் லீவரை அடித்து நிறுத்தினான்.

ட்ரிப்பைப் புதிதாக மாற்றினார்கள். கார்டைக் கழற்றி ஸ்கிராப்பில் போட்டார்கள். ஸ்டோரில் இருந்த கடைசிக் கார்டை மாட்டினோம். இந்த ஆனியில் அதுவும் செத்தது. தயாரித்த வெளிநாட்டுக் கம்பெனி இந்த மாடலை எப்போதோ கைவிட்டுவிட்டது. புது கண்ட்ரோல் சிஸ்டம் வர ஆறு மாதம் ஆகுமாம்.

"அதுவரைக்கும் ஆலைய மூட முடியுமா? எங்கயாவது ஒரு கார்டு புடிங்க ஹம்ஸா" என்றார் மேலாளர் குப்புராஜ்.

புதுவாயலில் சஹாபுதீன் பாயிடம் ஒன்று இருந்தது. மூடிய ஆலைகளின் எலெக்ட்ரானிக் சாமான்களை லாட்டாக எடுத்து, கழுவி, பழுது பார்த்து விற்பவர். நானும் ஹம்ஸாவும் போனோம்.

"வா மா. நாஷ்டா ஆச்சா? மூஞ்சே சரியில்லியே."

"கார்டு ஓடுமா பாய்?"

"கல்யாணப் பொண்ணு மாரி குளிப்பாட்டி வெச்சிக்கிறேன். நீயே பாரு."

ஃபேனுக்குக் கீழே இருந்த டெஸ்ட் பெஞ்சில் மாட்டிக் காட்டினார். மீட்டர் முள் சொன்ன இடத்தில் நின்றது. வெள்ளிக் கவரில் போட்டுக் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் ஹம்ஸா கவரை மடியில் வைத்திருந்தார். தூங்குகிற பாம்பை வைத்திருப்பதுபோல்.

மறுநாள் காலை. பாய்லர் தயார். எட்வர்ட் நீராவியைத் திறக்கக் காத்திருந்தான். ஹம்ஸா கவரைப் பிரித்தார், கார்டைத் திருப்பினார், அப்படியே நின்றுவிட்டார்.

பின்பக்கத் தகட்டில் ஓர் ஓரமாகச் சிவப்புக் கோடு. நெட்டுக்குத்தாக, விரல்நுனி அகலத்தில்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஆலையில் எல்லாரும் பேனல் கதவில் வட்டமாகக் குங்குமப் பொட்டு வைப்போம். ஹம்ஸா திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்யும் வைஷ்ணவக் குடும்பம். அவர் மட்டும் நாமத்துக்கு இடும் சிவப்பு ஸ்ரீசூர்ணத்தைக் குழைத்து, கார்டின் பின்பக்கம் இப்படி ஒரு கோடு இழுப்பார்.

"சார், இதப் போட வேண்டாம். இது நம்ம கார்டு" என்றார்.

"பொட்டப் பாத்துட்டு ஸ்டார்ட்அப்ப நிறுத்தச் சொல்றீங்களா? எந்தக் கம்பெனில பூஜ இல்ல?" என்றார் குப்புராஜ்.

"வட்டமா இருந்தா மாட்டியிருப்பேன் சார்."

ஹம்ஸா பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"பாய், பின்னாடி சிவப்பா ஒரு கோடு இருக்கே?"

"ஆமா மா. மீதி அழுக்கெல்லாம் கழுவிட்டேன். அது சாமிக்கு வெச்சதாச்சே, நான் எப்டி மா தொடைக்கிறது? பிரஷ்ஷ சுத்தி வளைச்சினு போயிட்டேன்."

"எங்கேர்ந்து வந்தது?"

"ஸ்கிராப் லாட்டு. நாலு கை மாறி வந்துச்சு. இன்னா மா, ஓடலியா?"

"நாங்க தூக்கிப் போட்டதுதான் பாய்."

ஹம்ஸா போனை வைத்தார்.

"ஏன்க்கா, என்னிய சாவடிக்கப் பாத்தத நாமளே டப்பு குடுத்து கூட்டினு வந்துக்கிறோமா?" என்றான் எட்வர்ட். சிரிக்கத்தான் சொன்னான்.

குப்புராஜ் விடவில்லை. "பாய் டெஸ்ட் பண்ணாரே. ரிப்பேர் ஆயிருக்கும்."

"ஃபேனுக்குக் கீழ பண்ணினார். அன்னிக்கு இந்தப் பேனல் ஏசி நின்னு போயிருந்தது சார். சூட்லதான் இதுக்குப் புத்தி மாறறதோ என்னவோ. பாத்துடலாம்."

நீராவி வரும் பிரதான வால்வை மூடிப் பூட்டிச் சாவியை எட்வர்ட் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கார்டை மாட்டி, டர்பைன் வால்வை அசைக்கும் எண்ணெய் பம்பை மட்டும் ஓட்டினோம். அந்த வால்வைப் பாதியில் நிறுத்தினோம். நின்றது. ஹம்ஸா ஹாட் ஏர் பிளோயரைக் கார்டுக்கு நேராகப் பிடித்தார். பிளோயரின் இரைச்சல் ஏற ஏறக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வால்வின் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீராவி இல்லை என்று தெரிந்தும் எட்வர்ட் லீவருக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

தண்டு நடுங்கியது. பிறகு, யாரும் சொல்லாமலே, வழவழவென்று முழுக்க எழுந்து நின்றது.

குப்புராஜ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "பாய்லர ஆஃப் பண்ணச் சொல்லு" என்றார்.

"போன தடவ முழுசா தூக்கிப் போட்டதுதான் தப்பு. உடைச்சுடு எட்வர்ட்" என்றார் ஹம்ஸா.

அவன் சுத்தியலை ஓங்கி, இறக்கிவிட்டான். "கோட்டோடவாக்கா?"

ஹம்ஸா பாட்டில் தண்ணீரைத் துப்பட்டா நுனியில் நனைத்து, பாய் துடைக்காததைத் துடைத்தார். இரண்டாவது அடியில் கார்டு பிளந்தது.

அப்போது பாயே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"தப்பா எடுத்துக்காத மா. மனசு பேஜாராக்கீது. அதே லாட்டுல இன்னொன்னு வந்துச்சு. அதுலயும் இதே மாரி கோடு. போன வாரந்தான் வித்தேன்."

அதற்கு முந்தின வருடமும், வால்வு சொன்ன இடத்தில் நிற்கவில்லை என்று நாங்கள் ஒன்றைக் கழித்துப் போட்டிருந்தோம்.

"யாருக்கு பாய்?"

"தேர்வாய் கண்டிகைல ஒரு பேப்பர் மில்லு. இன்னிக்கு ஓட்டப்போறோம்னு சொன்னாங்கோ. போன் போட்டுக்கினே இருக்கேன், எடுக்க மாட்றாங்கோ."

ஹம்ஸா அதற்குள் வாசலில் இருந்தார். எட்வர்ட் பைக்கை உதைத்தான். பின்னால் ஏறி உட்கார்ந்து, அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கேட்டைத் தாண்டியதும் அவன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். பைக் கதறியது.

"இன்னும் வேகமா போ" என்று ஹம்ஸா கத்தியது உள்ளேவரை கேட்டது.