தலைவன் மகளை வளர்த்தவள்

மூடிப்போன ஒரு மிஷன் பள்ளியின் புத்தகங்களை எங்கள் சர்ச் கூடத்தில் குவித்து வைத்திருந்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார் பாதிரியார். எனக்குக் கிடைத்தது அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம். ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக் குடிகள் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பற்றியது. பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அங்கே யாரும் இல்லை. அந்த நாட்டின் மேல் தனி ஆசை எதுவும் இருந்ததில்லை. அலுவலகம் போகும் பேருந்தில் பிரித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்தக் குடிகளின் தலைவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே வளர்க்கமாட்டார்களாம். ஏழு வயதானதும் தங்களை அண்டி வாழும் ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பிள்ளையோடு சில பசுக்களும் போகும். வளர்ந்த பிறகு தகப்பன் ஆள் அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்வான். இதைப் படித்தபோது பேருந்து அலோனைத் தாண்டிவிட்டது. இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன்.

ஏனென்றால் என்னையும் ஏழு வயதில்தான் கொண்டுபோய் விட்டார்கள். என்னைப் பெற்றவர் காய்ச்சலில் இறந்த பிறகு, துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, பெண் குழந்தையைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாமல் தன் சிநேகிதர் வீட்டில் ஒப்படைத்தார். அவர்கள் வீடு ஆற்றுக்கு அக்கரையில், தன்லியினில். அப்போது பாலம் கிடையாது. படகில்தான் போனோம். படகில் எங்களோடு என்னைப் பெற்றவரின் தையல் மெஷினும் வந்தது.

அந்த வீட்டு அம்மாவை நான் அம்மா என்றுதான் கூப்பிட்டேன். அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு இரட்டைப் பின்னல் போட்டு, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, சர்ச் வாசல்வரை கூட்டிக்கொண்டு வருவார்கள். உள்ளே வரமாட்டார்கள். வெளியே நின்றே காத்திருப்பார்கள். எனக்குப் பதினைந்து வயதானபோது அப்பா மறுமணம் செய்துகொண்டு அலோனில் வீடு எடுத்தார். பத்தாம் வகுப்பை நகரத்தில் படிக்கட்டும் என்று என்னை அழைத்துப்போக வந்தார். அம்மா அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. தையல் மெஷினைத் துடைத்து, சாக்கில் சுற்றி, வாசலில் எடுத்து வைத்திருந்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. என்னோடு சேர்ந்து வந்த எதுவும் இந்த வீட்டில் இருக்க வேண்டாம் என்று நினைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அங்கே போனது குறைவு. அம்மா இறந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. தகவல் கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு வரியும் இருந்தது. பிள்ளையோடு வந்த பசுக்களும் அவற்றின் கன்றுகளும் பிள்ளைக்கே சொந்தம். திரும்பிப் போகும்போது கூடவே அனுப்பிவிட வேண்டும். வைத்துக்கொள்வது வளர்த்தவர்களுக்கு இழிவு. அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. நாவல் எழுத வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

மூன்று வருடங்கள் ஆயின. கப்பல் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் காகிதங்களை மொழிபெயர்ப்பது என் வேலை. அது தொடங்குவதற்கு முன், விடிந்ததும் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கையால் எழுதுவேன். மின்சாரம் முறை வைத்து வரும். வருகிற நேரத்தில் இணையமும் இழுத்துக்கொண்டு வந்தால், பழைய சாசனங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு, மலைநாட்டு வீடுகளின் தரைப்படம் என்று கிடைத்ததை எல்லாம் இறக்கி வைத்துக்கொள்வேன். முதல் சிக்கல் சொல்லிலேயே வந்தது. அந்த மக்கள் கூட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? குலம் என்றால் சாதி வந்து உட்கார்ந்துகொண்டது. வகையறா என்றால் கோயில் திருவிழாவில் மண்டகப்படிக்காரர்களைச் சொல்வதுபோல் இருந்தது. கடைசியில் குடி என்று வைத்தேன்.

பனியை நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்த ஒரே ஆள் அண்ணன்தான். அம்மா பெற்ற மகன், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தன்லியினில் அதே வீட்டில் மகளோடு இருக்கிறார். ஒருமுறை அவருடைய கப்பல் ஸ்காட்லாந்துத் துறைமுகம் ஒன்றில் நின்றதாம். அதைக் கேட்பதற்காகத்தான் பல வருடங்களுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போக ஆரம்பித்தேன்.

“காத்துதான் ஞாபகம் இருக்கு,” என்றார். “குளிர் கூட இல்ல. காத்து. பேசினா வார்த்தைய அள்ளிட்டுப் போயிடும். கூட நின்னவன்கிட்ட கையாலதான் பேசினோம்.”

அதை அப்படியே நாவலில் போட்டேன்.

கதையில் தலைவனின் மகள் ஒரு மாட்டுக்காரன் வீட்டில் வளர்கிறாள். தகப்பனின் ஆட்கள் அவளை அழைத்துப்போக வரும் அத்தியாயம்தான் எனக்குச் சரியாக அமையவே இல்லை. வளர்த்தவள் பசுக்களை எண்ணிக் கொடுத்துவிட்டு, வாசலில் நிமிர்ந்து நிற்கிறாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. தலைவன் மகள் தலைவன் வீட்டுக்குப் போகிறாள் என்ற பெருமையோடு உள்ளே போய்விடுகிறாள். பதிப்பாசிரியர் சென்னையிலிருந்து எழுதினார்: அத்தியாயம் கச்சிதமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பெண் மரம்போல் நிற்கிறாள்.

அண்ணனுக்குப் படித்துக் காட்டலாம் என்று கொண்டுபோனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, அவர் மகள் தட்டுகளைக் கழுவப் போயிருந்தாள். நான் படித்து முடிக்கும்வரை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எங்கம்மாவா?” என்று கேட்டார்.

“கதை அண்ணே.”

“கதைதான். அவங்களா இல்லையா?”

நான் தாள்களை அடுக்கி மடித்தேன்.

“அம்மா இப்படியில்ல பாப்பா. நீ போன அன்னைக்கு அடுத்த படகுலயே ஏறிட்டாங்க. வீட்டுல கட்டியிருந்த லுங்கியோட, மாத்தக்கூட இல்ல. எனக்கே தெரியாது, தேடிட்டு இருந்தேன். ராத்திரிச் சோறு ஆக்குற நேரத்துக்குத்தான் வந்தாங்க. எங்க போனீங்கன்னா, உன் வீட்டுத் தெருமுனைவரைக்கும் போய்ட்டு வந்தேன்னாங்க.”

“எங்க வீட்டுக்கா?”

“அன்னைக்கு மட்டுமா? அந்த மழைக்காலம் பூராவும். வாரத்துக்கு ஒருநாள். நீ பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரத்துக்குப் போய் நிப்பாங்க. புள்ள இளைக்கல, நல்லாத்தான் இருக்குன்னு வந்து சொல்வாங்க. ஒருநாள் நீ உங்க சின்னம்மாவோட சிரிச்சுப் பேசிட்டு வந்தியாம். அதுக்கப்புறம் போகல.”

“ஏன் கூப்பிடல? ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. புள்ள அங்க ஒட்டணும், நான் போய் நின்னா ஒட்டாதுன்னாங்க. அவங்க போனதுக்கப்புறம் சொல்லலாம்னுதான் நினைச்சேன். நீ வந்த, அம்மா படத்துக்கு முன்னால கொஞ்ச நேரம் நின்ன, போய்ட்ட. எனக்கும் அப்ப உன்மேல கோவம்.”

நாங்கள் இரண்டு பேரும் அழவில்லை. அவர் மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பர்மியப் பாஷையில் என்ன ஆச்சு என்று அப்பாவிடம் கேட்டாள். பழைய கதை என்றார்.

திரும்பும்போது பாலத்தில் சோதனைக்காகப் பேருந்து வெகுநேரம் நின்றது. கீழே ஆற்றில் மணல் ஏற்றிய படகு ஒன்று போனது. சிரித்துப் பேசிக்கொண்டு வந்த அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். வரவில்லை. சின்னம்மா நல்லவர். நாங்கள் எத்தனையோ நாள் சிரித்துப் பேசியிருக்கிறோம். அதில் எது அந்த நாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். இப்போது வளர்த்தவள் பசுக்களை ஓட்டிவிட்டு வீட்டுக்குள் போகிறாள். தகப்பனின் ஆட்கள் மலைத்திருப்பத்தில் மறைந்ததும் பின்னாலேயே கிளம்புகிறாள். காற்றில், சதுப்பு நிலத்தில் கால் புதையப் புதைய இரண்டு நாள் நடக்கிறாள். தலைவன் வீட்டு மதிலுக்கு வெளியே நின்று, முற்றத்தில் மகள் நடமாடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். பதிப்பாசிரியர், இப்படி நடந்ததாக ஏதாவது சான்று இருக்கிறதா என்று கேட்டு எழுதினார். அந்த நாட்டுப் பழைய ஏடுகளில் நான் தேடிய வரைக்கும் இல்லை, ஆனால் இதை எடுக்கச் சொல்லாதீர்கள் என்று பதில் போட்டேன். அவர் வற்புறுத்தவில்லை.

புத்தகம் அச்சாகி, சென்னைக்குப் போய்வந்த ஒருவரின் பெட்டியில் பத்துப் பிரதிகள் வந்து சேர்ந்தன. ஒன்றை அண்ணனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். அவர் மகளுக்குப் பேசத்தான் தெரியும். அதனால் அப்பா உரக்கப் படிக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அந்த அத்தியாயத்துக்கு வர அவர்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்றார் அண்ணன், நான் அடுத்தமுறை போனபோது. “அவ்வளவு தூரம் நடந்து வந்தவ, மதிலுக்கு வெளியவே நின்னுட்டுப் போயிடறா. நீதானே எழுதற. கதவைத் தட்டற மாதிரி எழுதியிருக்கலாமே?”

“ஒருதடவ எழுதிப் பாத்தேண்ணே.”

“அப்புறம்?”

“உள்ள இருக்கிற பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு. மனசு பூராக் கோவம். கதவத் திறப்பாளான்னு எனக்குத் தெரியல. திறந்தான்னு எழுதினா பொய் மாதிரி இருந்துச்சு.”

அண்ணன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“அம்மாவுக்கும் அது தெரிஞ்சிருக்கும்,” என்றார். பிறகு எழுந்து, சாப்பிடலாம் வா என்றார்.