மழைக்கு ஒதுங்க ஐந்தடி

நீங்கள் கண்ணால் பார்த்தேயிராத ஓர் ஊரில் மழை பெய்தால், அங்கே இருப்பவர்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? அந்த ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டும் யோசித்ததில்லை என்றால், மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் அப்பம் சுட்டு விற்கும் அஸ்மாவை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அஸ்மா மலாக்காவிலேயே பிறந்தவர். அவருடைய வாப்பா நாகப்பட்டினத்திலிருந்து வந்து, ஜாலான் துக்காங் எமாஸில் கைலிக் கடை வைத்திருந்தார். கணவர் கரம் தாத் காஷ்மீர்க்காரர். மீர்ப்பூர்ப் பக்கத்துச் சந்தை ஊர் ஒன்றில் பிறந்து, பத்தொன்பது வயதில் பம்பாயில் கப்பலேறி, கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். 1936இல் சிங்கப்பூரில் கப்பலைவிட்டு இறங்கியவர் மறுபடி ஏறவில்லை. மலாக்கா ஆற்றோரத்தில் ரப்பர் கிடங்கு ஒன்றுக்குக் காவல் இருந்தார். ஜாகா வேலை என்பார்கள் இங்கே.

தமிழை அவர் கற்றது அஸ்மாவிடம். அதனால் ஆறடி உயரத்தையும் முறுக்கு மீசையையும் வைத்துக்கொண்டு, "ஐயே, போங்கம்மா" என்று பெண்கள் பேசும் தமிழைப் பேசுவார். காஜா பேராங் சிரிக்கும். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கியதே இல்லை.

அஸ்மாவின் அடுப்பு ஒரு சீனர் மளிகைக் கடையின் ஐந்தடியில், தூணோரம் இருந்தது. ஐந்தடி என்பது கடைக்கு முன்னால் ஓடும் கூரை போட்ட நடைபாதை. இந்நாட்டு நகரங்களில் கடை கட்டுகிறவர் எத்தனை பெரிய தவுக்கேயாக, அதாவது முதலாளியாக, இருந்தாலும், தன் நிலத்தில் ஐந்தடியை நடப்பவர்களுக்கு விட்டுத்தான் கட்ட வேண்டும், சட்டம் அப்படி. நிலம் தவுக்கேயுடையது, நிழல் ஊருடையது. வெயிலானாலும் மழையானாலும் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குத் தலை நனையாமல் போகலாம். அந்த நிழலில் பதினெட்டு ஆண்டுகள் அப்பம் சுட்டு, ஜப்பான்காரன் காலத்திலும் மரவள்ளி மாவில் ஏதோ ஒன்றைச் சுட்டு, அஸ்மா குடும்பத்தைத் தாங்கினார். ஜாகா சம்பளம் முழுவதும் காஷ்மீருக்குப் போயிற்று. அப்பக் காசில் பாதியும் பின்னாலேயே போயிற்று.

போன பணம் எதற்கு என்றால், கடைக்கு. யுத்தத்துக்குப் பிறகு அந்தச் சந்தை ஊரின் ஆண்கள் கப்பலில் இங்கிலாந்துக்குப் போய்ப் பஞ்சாலையிலும் இரும்பாலையிலும் சேர ஆரம்பித்தார்கள். பணம் வந்து இறங்கியது. மண்வீடுகள் காரை வீடுகளாயின. கரம் தாத்தின் தம்பி ஃபஸல் எழுதினார்: "பஸ் நிற்கிற இடத்தில் மனை வாங்கிவிட்டேன். நான்கு கடை கட்டலாம். இன்னும் ஐந்து வருடத்தில் இந்தச் சந்தை லாகூர் மாதிரி ஆகிவிடும்."

அஸ்மாவுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. ஒவ்வொரு கடிதம் வரும்போதும் கணவரைப் பிடித்துக்கொள்வார்.

"அங்க பொம்பளைங்க துணி எங்க வாங்குவாங்க? கடைக்கு வருவாங்களா, வீட்டுக்கு வருமா? தையல்காரன் எத்தனை பேரு? மழை நேரா பேயுமா, சாஞ்சு பேயுமா?"

"மழைய யாரு அளந்தா? நான் வர்றப்ப கடையே நாலுதான் இருந்துச்சு."

"நாலு கடையப் பாத்தவரு, இன்னொரு நாலு கட்டப் பணம் அனுப்புறாரு. கேள்வி மட்டும் கேக்கக் கூடாது."

கரம் தாத் ஃபஸலுக்கு எழுதிக் கேட்பார். பதிலில் செங்கல் விலை இருக்கும், மழை இருக்காது.

1956 பிப்ரவரியில் பண்டா ஹிலிர் திடலில் இந்நாட்டுச் சுதந்திரத்துக்கு நாள் குறித்துச் சொன்னார்கள். ஊரே கொண்டாடியது. கரம் தாத் மட்டும் கலங்கிப்போய் வீட்டுக்கு வந்தார்.

"வெள்ளைக்காரன் போறான். கப்பல்லேர்ந்து இறங்கி ஓடி வந்தவன் நான். என்னை எந்தக் கணக்குல வச்சுக்குவாங்க? கடை முடிஞ்சதும் ஊருக்குப் போயிடுவோம். சுல்தானாவுக்கும் அங்கயே பாத்து முடிச்சிடலாம்."

மகள் சுல்தானாவுக்கு அப்போது பதினாறு வயது. தட்டெழுத்து படித்துக்கொண்டிருந்தாள். "வாப்பா, அங்க டைப் அடிக்கிற ஆபீசு இருக்கா?" என்றாள்.

அஸ்மா கேட்டார்: "அங்க நான் எங்க உக்காந்து அப்பம் விப்பேன்?"

"நீ ஏன் விக்கணும்? நீ கடைக்காரி. வாடகை வரும்."

"வாடகைய வாங்கிட்டு உள்ள உக்காரவா இத்தனை வருசம் அடுப்புல வெந்தேன்?"

நாலாம் நாள் அஸ்மா ஒரு நிபந்தனை சொன்னார். நான்கு கடைக்கும் முன்னால் இங்கே இருப்பதுபோல் ஐந்தடி விட்டுக் கட்ட வேண்டும். கட்டினால், அந்த ஊரில் தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று நம்பி மகளோடு வருவார். கட்டாவிட்டால் இருவரும் வரமாட்டார்கள். கரம் தாத் ஒப்புக்கொண்டார். ஐந்தடிதானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தார்.

வரைபடம் போட்டுக்கொடுத்தவர் தியாகு. நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிறவர். தினமும் காலையில் அஸ்மாவிடம் அப்பம் வாங்குகிறவர்.

"அக்கா, காஷ்மீர்ல பனி கொட்டும். அஞ்சடில பனிய அள்ளிப்போடத்தான் நேரம் சரியாயிருக்கும்."

"இவங்க ஊரு மலையடிவாரமாம், தம்பி. பனியே கிடையாதாம். வெயிலு நம்மூர விட மோசமாம். நீங்க ஒழுங்கா போடுங்க. தூணு அஞ்சு. தூணுக்கும் கதவுக்கும் நடுவுல ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாம்னு எப்படிக்கா வரையறது? ஒண்ணுமில்லாத இடத்த வரையத்தான் ரொம்பக் கஷ்டம்."

தியாகு தூண்களைக் கறுப்பு மையில் போட்டார். நடுவில் வெள்ளையாக விட்டார். படம் விமானத் தபாலில் போயிற்று.

1957 மே மாதம் கட்டிடத்தின் புகைப்படம் வந்தது. அஸ்மா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தூண்கள் இருந்தன, ஐந்தும். ஆனால் அவற்றுக்கு நடுவே செங்கல் சுவர் எழும்பியிருந்தது. சுவருக்கு நாலு கதவு. தூண்கள் ஒல்லியான மாட்டின் விலா எலும்புகள்போல் சுவரில் துருத்திக்கொண்டிருந்தன.

"தூணு இருக்கு. அஞ்சடி எங்க?"

கரம் தாத் கடிதத்தைப் படித்துச் சொன்னார். கொத்தனாருக்கு வரைபடம் புரியவில்லையாம். தூணைப் போட்டுவிட்டுச் சுவரைப் போட மறந்திருக்கிறார்கள், படம் பாதியில் நிற்கிறது என்று நினைத்து அவரே கட்டி முடித்துவிட்டாராம். கூடுதல் கூலிகூடக் கேட்கவில்லையாம். ஒவ்வொரு கடையும் ஐந்தடி ஆழம் கூடிவிட்டது, வாடகையும் கூடும் என்று ஃபஸல் மகிழ்ந்து எழுதியிருந்தார்.

சுல்தானா வாய்விட்டுச் சிரித்தாள். அஸ்மாவுக்கும் முதலில் சிரிப்பு வந்தது. கொத்தனாரைக் குறை சொல்லவும் முடியாது. சொந்த நிலத்தை யாரோ நடப்பதற்காக ஒருவர் விடுவார் என்பதை அவர் அதுவரை கண்டதில்லை. மலாக்காவில்கூட, சட்டம் இல்லையென்றால் எத்தனை பேர் விட்டிருப்பார்கள்?

"பாவம், தெரியாம செஞ்சிட்டாங்க. எழுதுங்க. சுவத்த எடுத்துடச் சொல்லுங்க" என்றார் அஸ்மா.

பதில் வருவதற்குள், ஜூலையில், லால் கான் வந்தார். கரம் தாத்தின் ஊர்க்காரர். சிங்கப்பூரில் நின்ற சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். இரண்டு நாள் விடுப்பில் பஸ் ஏறி வந்திருந்தார். தேங்காய்ப்பால் விட்ட அப்பம் ஆறு தின்றார். ஏழாவதைத் தட்டில் போட்டுவிட்டு அஸ்மா கேள்விகளை ஆரம்பித்தார். லால் கானுக்குத் தமிழ் தெரியாது. கரம் தாத் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொன்னார்.

இத்தனை வருடமாக வராத பதிலெல்லாம் அன்று வந்தது. மழை ஆடி ஆவணியில் சாய்ந்துதான் பெய்யும். தையல்காரர்கள் பதினோரு பேர். மூன்று மாடி வீடுகள் எழும்பி நிற்கின்றன. பலவற்றில் ஒரு கிழவரும் ஒரு பூட்டும்தான் இருக்கிறார்கள். பணம் வருவதால் பலர் உழுவதை விட்டுவிட்டார்கள். கோதுமையைச் சந்தையில் வாங்குகிறார்கள். மணியார்டர் வரும் நாளில் தபால் ஆபீஸ் வாசலில் திருவிழாக் கூட்டம்.

"எங்க கடை இருக்கிற எடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் அஸ்மா.

லால் கான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். கரம் தாத் அதைத் தமிழில் சொல்லவில்லை.

"என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா உங்க மொகம் இப்படிப் போச்சு?"

கரம் தாத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவரோட உம்மா அங்கதான் உக்காந்திருந்தாங்களாம். சந்தை நாள்ல முட்டை விக்க. அந்த எடத்துல ஒரு பெரிய மரம் இருந்துச்சாம். சுத்துக் கிராமத்துலேர்ந்து பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க முட்டை, நெய்யி, மிளகா எல்லாம் கொண்டாந்து அதுக்கடியில விப்பாங்களாம். ஃபஸல் மரத்த வெட்டிட்டுக் கட்டிட்டான்."

"இப்ப எங்க உக்கார்றாங்க?"

"மாட்டுச் சந்தைக்குப் பின்னால. சாக்கடையோரம்."

"மழ வந்தா?"

கரம் தாத் திரும்பி லால் கானைக் கேட்டார். லால் கான் தோளைக் குலுக்கினார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

"மகன் கப்பல்லேர்ந்து பணம் அனுப்புறப்ப உம்மா ஏன் முட்டை விக்கிறாங்க?"

பணம் அண்ணன் கைக்குப் போகிறது, அண்ணன் வீடு கட்டுகிறான் என்றார் லால் கான். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

ஆடவர் உழைப்பு ஆடவர் கைக்குப் போய்ச் சுவராகிறது; பெண்டிர் உழைப்பும் அதே கைக்குப் போய் அதே சுவராகிறது. அப்பம் சுட்ட காசு ஆயிரக்கணக்கான மைல் கடந்து போய், முட்டை விற்ற பெண்களைச் சாக்கடையோரம் தள்ளியிருக்கிறது. அஸ்மா அன்று மாலை அடுப்பு மூட்டவில்லை.

ஃபஸலின் பதில் ஆகஸ்டில் வந்தது. சுவரை இடிக்க முடியாது, வாடகைக்கு விட்டாகிவிட்டது, நடந்தது நடந்துவிட்டது, எல்லாம் விதி என்று எழுதியிருந்தார். செங்கல்லை அடுக்கியது கொத்தனார், அடுக்கியதை நிற்கவிட்டது ஃபஸல், பணம் தந்தது காஜா பேராங். இதில் விதி எந்த வேலையைப் பார்த்தது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அநியாயத்துக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லாதபோதெல்லாம் கடவுளைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்வது எல்லா மதத்துக்காரர்களுக்கும் வழக்கம்தான்.

அஸ்மா கத்தவில்லை. "சுவரு நிக்கிற வரைக்கும் என் காசு ஒண்ணும் போகாது. நானும் வரமாட்டேன், அவளும் வரமாட்டா. நீங்க போறதுன்னா போங்க. ஆனா அங்க போய் அந்த முட்டை விக்கிற அம்மா மொகத்தப் பாருங்க" என்றார்.

சுதந்திரக் கொடி ஏறி நான்கு மாதம் கழித்துக் கரம் தாத் கப்பலேறினார். திரும்பி வருவாரா என்று அஸ்மாவுக்குத் தெரியாது. தூணோரம் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். "பாய் கடுதாசி போட்டாராக்கா?" என்று தியாகு கேட்கும்போதெல்லாம், "அவரு போட்டாலும் செங்கல் வெலைதான் இருக்கும்" என்பார்.

1958 ஏப்ரலில் கரம் தாத் வந்து சேர்ந்தார், முன்பைவிட மெலிந்து. பெட்டியைக்கூட வைக்கவிடாமல் அஸ்மா கேட்டார்: "இடிச்சீங்களா?"

"ஒண்ணு."

நாலு கடையில் ஒன்றுதான் அவர் பங்கு என்று ஊர்ப் பெரியவர்கள் தீர்த்துவிட்டார்கள். நிலம் ஃபஸல் பேரில் இருந்தது. பணம் யாருடையது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நல்ல சுவரை இடிப்பது பாவம் என்று சொல்லிக் கொத்தனார் வரமறுத்தார். கரம் தாத்தே கடப்பாரை எடுத்தார். முதல் சந்தை நாளில் ஒருவரும் வரவில்லை. இரண்டாவதில் லால் கானின் தாயார் வந்து, "வாடகை எவ்வளவு?" என்று கேட்டார். வாடகை இல்லை என்றதும் நம்பாமல், கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டு, எந்த நேரத்திலும் எழுந்து ஓடுவதற்குத் தயாராக, விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வாரம் ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேருக்கு அந்த இடம் போதவில்லை.

"மழ பேஞ்சுச்சா?"

"ஒரு நாள் பேஞ்சுச்சு. சாஞ்சுதான் பேஞ்சுச்சு. பாதி நனைஞ்சாங்க."

"மிச்சம் மூணு?"

"ஃபஸலோடது."

"அது என் அப்பக் காசு."

"தெரியும்" என்றார் கரம் தாத்.

அடுத்த வாரமே அவர் இந்நாட்டுக் குடிமகனாகப் பதிவு செய்துகொண்டார். சுல்தானா ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்தராகச் சேர்ந்துவிட்டாள். அஸ்மா அந்த ஊரைப் பார்க்கப் போகவில்லை, பணமும் அனுப்பவில்லை. மாதம் ஒரு கடிதம் மட்டும் சுல்தானா கையால் எழுதவைத்து அனுப்புகிறார். அதில் ஒரே வரி: மற்ற மூன்று சுவர் எப்போது? இதை எழுதும் இன்றைக்கு அந்தச் சுவர்கள் நிற்கின்றன.

காஷ்மீர்க்காரர் கதை என்று இதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். இங்கே மலாக்காவில் கிளேபாங்கிலும் புக்கிட் ரம்பாயிலும் உழைத்தவர்கள் அனுப்பிய பணத்தில் தஞ்சாவூர்ச் சீமையிலும் ராமநாதபுரத்திலும் எத்தனை மாடிகள் எழும்பியிருக்கின்றன! அங்கே வெட்டிய மரத்தடியில் கூடை வைத்திருந்தவர் யார், எந்தச் சாதிக்காரர், எங்கே துரத்தப்பட்டார் என்று நமக்குத் தெரியுமா? இந்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்பும்போது, மணியார்டர் தாளில் செய்திக்கென்று விட்டிருக்கும் துண்டில் வழக்கமான நலம் விசாரிப்பை நிறுத்திவிட்டு, இந்த ஒரு கேள்வியை எழுதுங்கள்: "நாம் கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், இப்போது எங்கே உட்காருகிறார்கள்?" பதில் வரும்வரை அடுத்த மணியார்டரை எழுதாதீர்கள்.